நேட்டால் கடிதங்களும் நம் வட ஆற்காட்டாரும்

வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளினின்று நம் முன்னோர் தங்கவயலுக்கு வந்த வரலாறு நந்திதுர்க் அன்பர்கள் யாவரும் அறிந்ததே. ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வருவதற்கு முன்னரே அதே பகுதிகளினின்று கடல் கடந்தோரும் உளர். அவர்கள் சென்ற நாடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

1860 அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதில் சென்றோர் ஏறத்தாழ 340 பேர். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்த வேலை. தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பத்தாண்டு கழிந்தால் இலவசமாக ஊர் திரும்பும் உரிமை. காகிதத்தில் குறையொன்றுமில்லை!

1866ல் நேட்டாலில் வாணிபம் நலியவே கப்பல்கள் நின்றன. 1871ல் முதற்கூட்டத்தாருள் சிலர் சென்னைக்கு மீண்டு, கூலி மறுக்கப்பட்டதையும் கசையடி பட்டதையும் அதிகாரிகளிடம் முறையிட்டனர். அம்முறையீடு எழுத்தில் ஏறியது. ஈதன்றோ பெரிது! ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர் அறிவர்: வாயாற் சொன்ன குறை காற்றோடு போம், எண்ணிட்ட காகிதத்துக்கோ எவரேனும் விடையெழுதியே தீரவேண்டும். சென்னை, கல்கத்தா, லண்டன், நேட்டால் என நான்கு இடங்களுக்கிடையே கடிதங்கள் நடந்தன. கசையடியைப் பற்றிய கடிதமும் 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்' என்றே முடியும். அக்காலத்து மரபு அது.

தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. இந்திய அரசோ விசாரணையின்றி ஆள் அனுப்ப இசையவில்லை. ஆகவே 1872ல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. குடியேறிய இந்தியர்க்குப் பாதுகாவலர் என்றொரு பதவியும் பின்னர் ஏற்பட்டது. 1874ல் கப்பல்கள் மீண்டும் ஓடின. கையெழுத்தும் அறியாத ஏழையரின் வாக்குமூலம் இரண்டு அரசாங்கங்களை அசைத்தது.

எனினும் கொடுமை ஒழிந்ததென்று எண்ணிவிடலாகாது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895ல் சட்டம் வந்தது. சுரங்கத்தாராகிய நாம் அறியவேண்டிய செய்தி இதன் தொடர்ச்சியே. 1913ல் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கண்டு பேசி வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினர். காந்தியடிகள் தலைமையில் அவர்கள் எல்லை கடந்து நடந்தனர். 1914ல் அவ்வரி நீங்கியது. ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1911லேயே நிறுத்திவிட்டது. அதுகாறும் சென்றோர் 1,52,184 பேர்.

கடிதங்களோடு கப்பற் பதிவேடுகளும் எஞ்சியுள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எனப் பத்திகள் செல்லும். டர்பனில் வாழும் பேரன்மார் இன்றும் அவற்றைப் புரட்டித் தம் ஊரைத் தேடுகின்றனர். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதியதால், சில கிராமங்களை எந்தப் படத்திலும் காணமுடிவதில்லை.