பழைய வீடியோப் பெட்டி: எடைக்கா, விலைக்கா?



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியிலோ துணி போர்த்திய கறுப்புப் பெட்டி ஒன்று கிடக்கிறதா? பக்கத்தில் தூசி படிந்த நாலைந்து வீடியோ நாடாக்களும் இருக்குமே! "இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. பழைய இரும்பு லோரி வந்தா தூக்கிப் போட்டுடலாம்" என்பார் வீட்டில் ஒருவர். "சும்மா இரு, வித்தா நாலு வெள்ளி கிடைக்கும்" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆயினும் முடிவு செய்யுமுன் அந்தப் பெட்டியின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

பெட்டி பிறந்த கதை

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் காந்த நாடாவில் படம் பதியும் கருவியை வெளியிட்டது. மேசை அளவு பெரியது. விலையோ தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். 1975-இல் சோனி நிறுவனம் 'பேட்டாமேக்ஸ்' பெட்டியை விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் 'வி.எச்.எஸ்.' பெட்டியோடு போட்டிக்கு வந்தது. முதலில் வந்த பேட்டா நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணி நேரம் பதியலாம். வேறு பல நிறுவனங்களும் ஜே.வி.சி.யின் பக்கம் சேர்ந்துகொண்டன. கடைசியில் 1988-இல் சோனியே வி.எச்.எஸ். பெட்டி செய்ய முன்வந்தது என்றால் வெற்றி யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28-இல், வண்ண ஒளிபரப்பு வந்தது. அதன் பின்னே எண்பதுகளில் வீடியோவும் வீடுகளுக்குள் நுழைந்தது. படம் பார்க்கப் பட்டணத்துக்குப் போக வேண்டியிருந்த தோட்டத்து மக்களுக்கு, லயத்து வீட்டுக் கூடமே கொட்டகை ஆயிற்று. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் போதும், அக்கம்பக்கமெல்லாம் பாய் விரித்து உட்கார்ந்துவிடும்!

பினாங்குக்காரர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இண்டெல், ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் வந்தன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ் ஏறி, பூதக்கண்ணாடி வழியே மின்னணுச் சில்லுகளைப் பொருத்தினார்கள். ஆக, மின்னணுப் பொருள்களை வாங்கியவர்கள் மட்டுமல்ல நாம், செய்தவர்களும் நாமே.

சாவி தொலைந்த பூட்டு

பின்னர் வி.சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. வீடியோப் பெட்டி ஓரங்கட்டப்பட்டது. அதைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இதன் பொருள் என்ன? உலகத்தில் இன்று இருக்கும் பெட்டிகளே மிச்சம். ஒன்றை நசுக்கினால் ஒன்று குறைந்தது, குறைந்ததுதான்.

நாடா பூட்டிய பெட்டகம் என்றால், பெட்டிதான் அதன் சாவி. சாவியை எடைக்குப் போட்டுவிட்டால் பெட்டகத்தை எப்படித் திறப்பது?

அந்த நாடாக்களில் இருப்பது வாடகைக்கு எடுத்த சினிமா மட்டும்தானா? தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் இருக்கலாம். பத்து காவான் பக்கத்தில் இன்று அடுக்குமாடியும் தொழிற்சாலையும் எழுந்துவிட்ட இடத்தில், அன்று நடந்த தோட்டத்துத் திருவிழா இருக்கலாம். தண்ணீர்மலையில் 2012-இல் புதிய மலைக்கோயில் குடமுழுக்குக் காணுமுன் எடுத்த தைப்பூசக் காட்சி இருக்கலாம். மறைந்த பாட்டியின் குரல் இருக்கலாம். புகைப்படம் முகத்தைக் காட்டும், குரலைத் தருமா?

இங்கே ஒரு பழைய பாடத்தை நினைவில் கொள்வோம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள்களில் வெள்ளி உலோகம் கலந்திருக்கும். ஓடி முடிந்த படங்களைப் பலர் அந்த உலோகத்துக்காகவே எடைக்குப் போட்டார்கள். இந்தியாவில் எத்தனையோ படங்கள் அப்படி உருகிப்போயின. கைக்கு வந்தது சில காசு. போனது ஒரு கலையின் குழந்தைப் பருவம். அந்தத் தவற்றை நம் வீட்டு அளவில் நாமும் செய்யலாமா?

யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும், ஒலி ஒளிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் சேர்ந்து 2019-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. காந்த நாடாக்களை இயக்கிப் படியெடுக்கும் வசதி 2025 வாக்கில் அரிதாகிவிடும் என்பதே அது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

என்ன செய்யலாம்?

முதலில் நாடா, பிறகுதான் பெட்டி. பினாங்கின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் அதைப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டியும் கெடும், நாடாவும் அறும். நாடாவின் பின்விளிம்பில் சிறு பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால், யாரும் தெரியாமல் மேலே வேறு படம் பதிந்துவிட முடியாது. பெட்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது, போனாலும் பரவாயில்லை என்ற நாடாவைப் போடுங்கள். நன்றாக ஓடினால், மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி வாங்கிப் படியெடுக்கலாம். படியெடுத்துத் தரும் கடைகளிலும் கொடுக்கலாம். படியை இரண்டு இடங்களில் வையுங்கள்.

அதன் பிறகு, ஓடுகிற பெட்டியை விற்பதே நல்லது. நகர விளையாட்டரங்கத்தின் பக்கத்தில் உள்ள லோரோங் கூலிட் சந்தையைத் தெரியாதவர் உண்டோ? ஒருவர் கழித்ததை இன்னொருவர் தேடிவரும் இடம் அது. உங்களிடம் இருக்கும் சாவி, நாடாவை வைத்துக்கொண்டு தவிக்கும் வேறொரு குடும்பத்துக்குப் போய்ச் சேரட்டும். ஓடாத பெட்டி என்றாலும், பழுது பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உதிரிப் பாகத்துக்காவது உதவும்.

எதற்குமே உதவாது என்றால்தான் கழிக்க வேண்டும். அப்போதும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே செம்பு, அலுமினியம் உண்டு. பற்றவைத்த இடங்களில் ஈயமும் உண்டு. பழைய தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாயிலோ ஈயம் இன்னும் அதிகம். செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்தினால் எழும் நச்சுப்புகை, பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். மின்னணுக் கழிவை நம் நாட்டுச் சட்டம் 2005 முதல் அட்டவணைக் கழிவுகளில் சேர்த்திருக்கிறது. ஆகவே, சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. வெளிநாட்டார் தம் மின்னணுக் கழிவை நம் துறைமுகங்களுக்கு அனுப்பும்போது கோபப்படுகிறோமே! நம் வீட்டுக் கழிவை மட்டும் ஆற்றங்கரையில் வீசலாமா?

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வருகிற பள்ளி விடுமுறையில் வீட்டில் உள்ள நாடாக்களை எடுத்து, எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வீட்டு விசேஷம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுங்கள். படம் ஓடும்போது தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது யாரு? அது எந்த லயம்?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேர் தெரியாத முகத்தைப் பார்த்து நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பெட்டியை எப்போது வேண்டுமானாலும் எடைக்குப் போடலாம். உள்ளே இருக்கும் குரலை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்!