மணியக்காரர் சத்திரமும் சென்னையின் வீடற்றோரும்

சத்திரம் வழிப்போக்கருக்குரியது, திரும்பிச் செல்ல வீடுடையவரையே அது எதிர்நோக்கியது. ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சிற்றூர் மக்களைச் சென்னைக்குத் துரத்தியபோது இந்நிலை மாறியது. 1782இல் இராயபுரத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்க்கப்பட்டது. 'மணியக்காரர்' ஆங்கிலேயர் நாவில் 'மணேகர்' ஆயிற்று. மக்களுக்கோ அது 'கஞ்சித்தொட்டி'தான். பஞ்சம் நீங்கிய பின்னரும் அது மூடப்படாமல் ஆதரவற்றோர் இல்லமாக நிலைத்தமை கருதத்தக்கது.

1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் தொடங்கிய மருத்துவமனையே பின்னர் ஸ்டான்லி மருத்துவமனையாக விரிந்தது. நோயுற்றோர்க்கான கிளை பெருநிறுவனமாக வளர, வீடற்றோர்க்கான மூலம் சிறு இல்லமாகவே நின்றது. அங்குக் கிடைத்த இடம் அறக்கொடையேயன்றி உரிமையன்று. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமேனும் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது 2010இல்தான்.