அமெரிக்கா மறுத்த இசைக்கு ரொறன்ரோ திறந்த கதவு

ஓர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வெற்றி பெற்றால் அதனை அதிர்ஷ்டம் என்று உலகம் ஒதுக்கிவிடக்கூடும். அக்குழுவிடம் மெய்யான ஆற்றல் உண்டா என்பதைக் காட்டும் உரைகல் அதன் இரண்டாவது இசைத்தட்டே. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் தோன்றிய 'பீற்றில்ஸ்' குழுவினர் அந்தச் சோதனையில் எவ்வாறு வென்றனர் என்பதும், அவர்களது இரண்டாவது இசைத்தட்டு வட அமெரிக்காவுக்குள் கனடாவின் வழியாகவே முதலில் நுழைந்தது என்பதும் நம்மவர் பலர் அறியாத வரலாறாகும்.

அவர்களது முதல் இசைத்தட்டின் பெரும்பகுதி 1963 பெப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 30 வாரங்கள் முதலிடம் வகித்தது. இரண்டாவது இசைத்தட்டான 'வித் த பீற்றில்ஸ்' அதே ஆண்டு யூலை தொடக்கம் ஒக்ரோபர் வரை, கச்சேரிப் பயணங்களுக்கு இடையே கிடைத்த நாட்களில் உருவாகி, நவம்பர் 22ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே நாளிற்றான். முதல் இசைத்தட்டை முதலிடத்திலிருந்து இறக்கியது இந்த இரண்டாவது இசைத்தட்டே. அதன்பின் 21 வாரங்கள் அது அவ்விடத்தை விட்டு அசையவில்லை.

அதில் 14 பாடல்கள் உண்டு. முதற் பாடல் வாத்திய முன்னிசை எதுவுமின்றி, குரலோடு திடீரெனத் தொடங்குகின்றது. 'ஓல் மை லவிங்' பாடலில் யோன் லெனன் கிற்றாரை இடைவிடாது மும்மூன்றாக மீட்டிச் செல்ல, அதன் மேல் போல் மக்கார்ட்னியின் குரல் அமைதியாக மிதக்கின்றது. யோர்ஜ் ஹரிசன் தாமே இயற்றிய முதற் பாடலும் இதிலேயே இடம்பெற்றது. பாடகர் தம் குரலின் மேல் தம் குரலையே மீண்டும் பதிவு செய்யும் உத்தி பல பாடல்களுக்குச் செறிவு தந்தது. மீண்டும் மீண்டும் கேட்கும்போது புதிய நுட்பங்கள் புலப்படுவதே இதன் சுவை.

14இல் ஆறு பாடல்கள் பிறர் இயற்றியவை. அவற்றுள் மூன்று, டிற்றோயிற் நகரின் கறுப்பினக் கலைஞர்களை உலகறியச் செய்த மோற்றவுன் நிறுவனத்தாருடையவை. டிற்றோயிற், கனடாவின் வின்சர் நகருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ளது. அக்கரையிற் பிறந்த பாடல்கள் அத்திலாந்திக்கைக் கடந்து லிவர்பூல் இளைஞரின் காதிற் புகுந்து, அவர்களது குரலில் மீண்டும் ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்தன. பாட்டுக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

அவற்றை இங்கு கொண்டுவந்து சேர்த்தவர் போல் வைற். இங்கிலாந்திலிருந்து 1950களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த இவர், ரொறன்ரோவில் கப்பிற்றல் நிறுவனத்தின் கனடாக் கிளையிற் பணிபுரிந்தார். பிரித்தானிய இசைத்தட்டுகளைக் கேட்டு, கனடாவுக்கு ஏற்றவற்றைத் தெரிவு செய்வது அவரது கடமைகளுள் ஒன்று. அமெரிக்காவிலுள்ள கப்பிற்றல் தலைமை நிறுவனம் பீற்றில்ஸ் பாடல்களை மீண்டும் மீண்டும் மறுத்துவிட்டது. போல் வைற்றோ 1963இன் தொடக்கத்திலிருந்தே அவற்றைக் கனடாவில் வெளியிட்டார். முதல் வெளியீடுகள் சில நூறு படிகளே விற்றன. ஆயினும் அவர் தளரவில்லை. அவ்வாண்டு இறுதியில் நிலைமை தலைகீழாக மாறியது.

1963 நவம்பர் 25ஆம் நாள், இரண்டாவது இசைத்தட்டு 'பீற்றில்மேனியா' என்ற அடைமொழியுடன் கனடாவில் வெளிவந்தது. வட அமெரிக்காவில் வெளியான முதலாவது பீற்றில்ஸ் நெடுந்தட்டு இதுவே. அமெரிக்க கப்பிற்றல் தனது முதல் நெடுந்தட்டை வெளியிட்டது 1964 சனவரி 20ஆம் நாளிலேதான். அதே ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் நாள் குழுவினர் நேரில் வந்து மேப்பிள் லீவ் கார்டன்ஸ் அரங்கிற் பாடினர். 1965இலும் 1966இலும் மீண்டும் வந்தனர். கார்ல்ரன் வீதியிலுள்ள அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்று பலசரக்குப் பேரங்காடி இயங்குகின்றது. 1983க்குப் பின் நம்மவர் பலர் முதலிற் குடியேறிய சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் குடியிருப்புகள் அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன.

இக்கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஈழத்திலும் கிற்றாரைக் கையிலெடுத்த இளைஞர்கள் தமிழ்ப் பொப் இசையைப் படைத்தனர். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஊரெங்கும் ஒலித்தது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்கொண்டது. அந்நாளிலும் அவற்றை இழிவாக எண்ணியோர் இருந்தனர். போரும் இடப்பெயர்வும் அக்கால இசைத்தட்டுகள் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவை நம்மவர் வீடுகளின் நிலவறைப் பெட்டிகளில், பூசணம் பிடித்த ஒலிநாடாக்களாகக் கிடக்கின்றன.

பிறந்த மண்ணின் ஓசையை மதித்து, மறுத்தோரைப் பொருட்படுத்தாது புதிய மண்ணிற் பரப்பிய ஒரு குடிபெயர்ந்தவரின் பிடிவாதமே பீற்றில்ஸ் குழுவுக்கு இக்கண்டத்தின் முதற் கதவைத் திறந்தது. நமது பாடல்களுக்கும் அத்தகைய பிடிவாதக்காரர் தேவை. பழைய ஒலிநாடாக்களை வீசிவிடாதீர்கள். அவற்றைப் படியெடுத்து, பாடியவர், இயற்றியவர், ஆண்டு ஆகிய விபரங்களை எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் நாளை கேட்கும்போது, கொடுப்பதற்கு நம் கையில் ஏதாவது இருத்தல் வேண்டும்.