நாயின் தும்மலும் ஒரு வைரஸ் வேட்டையும்

நாய் தும்முறதுல என்ன வரலாறு இருக்கப் போகுது என்று கேட்கலாம். இருக்கு. மனிதருக்கு வரும் இன்ஃப்ளூயன்சா ஒரு வைரஸால் வருகிறது என்று 1933-ல் நிரூபித்தார்கள். அதற்கான பாதையைப் போட்டது நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோய் பற்றிய ஆராய்ச்சி. அந்தப் பாதை முழுக்க ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதே தவறை இன்றும் வீட்டு நாய் விஷயத்தில் பலர் செய்கிறோம், அதனால்தான் இந்தக் கட்டுரை.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க டிஸ்டம்பர் பரவியது. பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர் 1809-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதரிடம் பெரியம்மையும் தட்டம்மையும் எப்படிப் பரவுமோ, அப்படி நாய்களிடம் இது பரவுகிறது என்று அவர் கவனித்திருந்தார். முதலில் மூக்கிலும் கண்ணிலும் நீர், தும்மல், இருமல். பிறகு நுரையீரல். சில நாய்களுக்குக் கடைசியில் வலிப்பு. பசு அம்மைப் பாலை நாய்க்கும் குத்தினால் டிஸ்டம்பர் வராது என்று சில காலம் ஒரு நம்பிக்கை ஓடியது, ஆனால் பலிக்கவில்லை.

அடுத்த நூறு வருஷத்தில் நுண்ணோக்கிகள் மேம்பட்டன, நோய் தரும் பாக்டீரியாக்கள் தெரிய ஆரம்பித்தன. செத்த நாயின் மூச்சுக்குழாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு கிருமி கிடைத்தது. 1905-ல் ஹென்றி காரே என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் வேறு மாதிரி செய்தார். நோய் வந்த நாயின் மூக்கு நீரைப் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரை நல்ல நாய்க்குச் செலுத்தினார். நோய் வந்தது. அப்படியென்றால் காரணம் பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதைக் காரே நோய் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் உலகம் அவரை உடனே நம்பவில்லை. 1910-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் ஆய்வாளர்கள் நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழாயில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, இதுதான் குற்றவாளி என்றார்கள். இன்று அதன் பெயர் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. அது அப்பாவி இல்லை, நாய்க் காப்பகங்களில் பரவும் கென்னல் காஃப் இருமலுக்கு அது ஒரு காரணம். டிஸ்டம்பரில் அது பின்னால் நுழையும் கிருமி. வைரஸ் கதவை உடைத்துப் போட்ட வீட்டுக்குள் புகுந்த ஆள்.

காரேயின் சோதனையை மற்றவர்கள் செய்து பார்த்தபோது ஏன் குழப்பம் வந்தது? காரணம் ரொம்ப எளிது, சோதனைக்கு வந்த நாய்கள். வெளியிலிருந்து வாங்கி வந்த நாய்களில் சில ஏற்கெனவே நோய் வந்து பிழைத்தவை, எதைச் செலுத்தினாலும் ஒன்றும் ஆகாது. சில ஏற்கெனவே தொற்றோடு வந்தவை, எதையும் செலுத்தாமலே தும்ம ஆரம்பிக்கும். எங்க சாஃப்ட்வேர் வேலையில் இதற்குப் பெயர் கெட்டுப்போன டெஸ்ட் என்விரான்மென்ட். அதில் ஓட்டின டெஸ்ட் பாஸ் ஆனாலும் அர்த்தமில்லை, ஃபெயில் ஆனாலும் அர்த்தமில்லை.

இதைச் சரிசெய்ய வழி செய்தது ஒரு வேட்டைப் பத்திரிகை. நரி வேட்டை நாய்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதைப் பார்த்த 'தி ஃபீல்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை 1923-ல் டிஸ்டம்பர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஆரம்பித்தது. அந்தப் பணத்தில் லண்டன் அருகே மில் ஹில்லில் பாட்ரிக் லெய்ட்லா என்ற மருத்துவரும் ஜார்ஜ் டங்கின் என்ற கால்நடை மருத்துவரும் வேலை செய்தார்கள். அவர்கள் செய்த முதல் காரியம், நோயின் வாடையே படாத நாய்களை வேலிக்குள் வளர்த்து எடுத்தது. உள்ளே போகிறவர்கள் கிருமிநாசினியில் குளித்து, உடை மாற்றித்தான் போக வேண்டும்.

நாய்களுக்கு மாற்றாக இன்னொரு விலங்கையும் பிடித்தார்கள், ஃபெரெட். பார்க்கக் கீரி மாதிரி, ஆனால் நீர்நாயின் குடும்பம். முயல் பிடிக்க இங்கிலாந்தில் வளர்ப்பார்கள். அதற்கும் டிஸ்டம்பர் வரும் என்று வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரியும். 1926-ல் லெய்ட்லாவும் டங்கினும் காரே சொன்னது சரி என்று நிறுவினார்கள். 1928-க்குள் ஒரு தடுப்பு முறையும் கைக்கு வந்தது. முதலில் செயலிழக்க வைத்த வைரஸ், சில நாள் கழித்து உயிருள்ள வைரஸ்.

இப்போது கதை மனிதருக்கு வருகிறது. 1918 இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போது பழி சுமந்தது 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியா. போர்டெடெல்லா கதையேதான், ஆள் மட்டும் வேறு. 1933-ல் லண்டனில் மறுபடி காய்ச்சல் பரவியபோது வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் நோயாளிகளின் தொண்டை கொப்பளித்த நீரை வடிகட்டி, டிஸ்டம்பர் வேலையால் பழக்கமான ஃபெரெட்டுகளின் மூக்கில் விட்டார்கள். இரண்டே நாளில் அவை தும்மின. இன்ஃப்ளூயன்சா வைரஸ் பிடிபட்டது. பின்னர் அந்த ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர் முகத்தில் ஒரு ஃபெரெட் தும்ம, அவருக்குக் காய்ச்சல் வந்தது. 1936-ல் அதையும் ஆதாரமாக்கிக் கட்டுரை போட்டுவிட்டார்கள்!

எழுபது வருஷம் கழித்து அதே தவறு இன்னொரு முறை நடக்கப் பார்த்தது. 2004 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் பந்தய கிரேஹவுண்ட் நாய்கள் 22-க்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. வழக்கமான கென்னல் காஃப் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் 8 நாய்கள் செத்தன. நுரையீரலில் கிடைத்தது குதிரைகளிடம் பல காலமாகச் சுற்றும் எச்3என்8 இன்ஃப்ளூயன்சா. அது நாய்க்குத் தாவியிருந்தது. நாய் இன்ஃப்ளூயன்சா மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை பதிவு இல்லை.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். தும்மல் என்பது மூக்கு அடிக்கும் மணி. யார் வந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. கூட வேறு என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

விளையாடும்போது நாய் ரெண்டு தும்மல் போட்டால் அது அதன் பேச்சு. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, சென்ட் பக்கத்தில் தும்மினால் நாயை அங்கிருந்து நகர்த்தினால் போதும். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து கர்ர் என்று ஒரு சத்தம் வரும். அது பின்தும்மல். எப்போதாவது வந்து ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. புல்லுக்குள் மூக்கை விட்டுவிட்டு வந்து திடீரென்று விடாமல் தும்முகிறது, காலால் மூக்கைத் தேய்க்கிறது என்றால் புல் விதை உள்ளே போயிருக்கலாம். ஓடைத் தண்ணீர் குடித்த நாய் என்றால் அட்டையாகவும் இருக்கலாம். ஒரு பக்க மூக்கில் மட்டும் சீழோ ரத்தமோ நாள்கணக்கில் வந்தால், அதுவும் வயதான நாய்க்கு வந்தால், பல் வேரில் சீழ் முதல் கட்டி வரை பார்க்க வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, தடுப்பூசி போடாத குட்டி. ரெண்டு மூக்கிலும் சளி, கண்ணில் பீளை, சாப்பாட்டில் வெறுப்பு, உடம்பில் சூடு. இதைப் பார்த்துவிட்டு "சளிதான், தானா சரியாயிடும்" என்று விடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. டிஸ்டம்பர் சில நாள் தணிந்த மாதிரி காட்டிவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து நரம்பில் ஏறும். தாடை மெல்லுகிற மாதிரி ஆடும், கால் வெட்டி இழுக்கும், வலிப்பு வரும். இன்றைக்கும் அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பும் எச்சிலும் வெறிநோயிலும் வரும் என்பதால், அந்த நிலையில் உள்ள நாயைக் கையால் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதே காரணத்துக்காக, வெறிநாய் என்று நீங்களே முடிவு கட்டி அடித்துக் கொல்லவும் வேண்டாம்.

தடுப்பு மட்டும்தான் உறுதியான வழி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. மருந்துக்கடையில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று கேட்கிறோமே, அந்தக் குப்பியில் டிஸ்டம்பரும் ஒன்று. மில் ஹில்லில் குளித்து உடை மாற்றி வேலிக்குள் போனவர்கள் தொடங்கி வைத்த வேலைதான் இன்று அந்தக் குப்பிக்குள் இருக்கிறது. தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறீர்கள் என்றால், பெயர் வைப்பதற்கு முன்னால் அந்த ஊசித் தேதியைக் குறித்து வையுங்கள்.