டிப்ஸும் விளிச்சொல்லும்: ஒரு சிறு வரலாறு

சென்ற வாரம் என்னுடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மெக்சிகோவின் கான்கூனில் கருத்தரங்கு. அறை, உணவு, பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய கடற்கரை விடுதி. அங்கும் டிப்ஸ் தர வேண்டுமா?" கேட்டவர் மாத உதவித்தொகையில் வாழ்பவர், ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு ஆம், இல்லை என்று விடை சொல்வதற்கு முன், "எல்லாம்" என்ற அச்சொல்லில் பணியாளரின் உழைப்பும் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மொழியியல் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரெஞ்சில் டிப்ஸுக்குப் 'பூர்புவார்' என்று பெயர். குடிப்பதற்கு என்பது பொருள். ஜெர்மன் மொழியின் 'டிரிங்க்கெல்ட்' குடிக்காசு. ஸ்பானிய மொழியின் 'புரோபினா'வுக்கு மூலம், ஒருவரை வாழ்த்திக் குடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ரஷ்யர்கள் 'தேநீருக்கு' என்கிறார்கள்; நாமும் "டீச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் நீட்டுகிறோம். நாம் கடன் வாங்கிய 'பக்ஷீஸ்' பாரசீகத்தில் கொடையைக் குறிப்பது. இச்சொற்களில் ஒன்றுகூட இக்காசைக் கூலி என்று அழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கூலி என்றால் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. குடிக்காசுக்கு நன்றி மட்டுமே உண்டு.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவின் புல்மன் தொடர்வண்டிகள் சான்று. 1867இல் நிறுவப்பட்ட புல்மன் நிறுவனம், தன் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிய அடிமைநிலையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் பெருமளவில் அமர்த்தியது. நிறுவனம் குறைந்த ஊதியமே தந்தது. மீதியைப் பயணிகளின் கையிலிருந்து அவர்கள் பெற வேண்டியிருந்தது. பயணிகள் அவர்கள் அனைவரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். நிறுவன முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமையை எஜமானின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கம், காசு நீட்டும் கையோடு சேர்ந்தே தொடர்ந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிச் சில மாநிலங்கள் டிப்ஸைத் தடைசெய்து சட்டம் இயற்றின. ஊதியத்தை உயர்த்தாமல் காசை மட்டும் தடுத்த அச்சட்டங்கள் 1926க்குள் மறைந்தன. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் அமைந்த தொழிற்சங்கமோ டிப்ஸை நம்பி வாழத் தேவையில்லாத ஊதியத்தைக் கேட்டது. சொந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் போராட்டத்தின் பகுதி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937இல்தான் ஒப்பந்தம் கைகூடியது. மாதம் ஏறத்தாழ 400 மணியாக இருந்த வேலைநேரம் 240 மணியாகக் குறைந்தது.

ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, 'நீ', 'நீங்கள்' போன்ற பதிலிடுபெயர்களை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் விளக்கியது. டிப்ஸின் வரலாற்றையும் அதே அச்சுகளில் வைத்துப் படிக்கலாம் என்பது என் கருத்து. 1936 டிசம்பரில் பார்சிலோனா சென்ற ஜார்ஜ் ஆர்வெல், மின்தூக்கி இயக்கும் பையனுக்குக் காசு கொடுக்க முயன்று விடுதி மேலாளரிடம் கண்டனம் பெற்றதைப் பதிவுசெய்திருக்கிறார். புரட்சி நடந்துகொண்டிருந்த அந்நகரில் மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' மறைந்து, எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்று ஒருமையில் அழைத்ததையும் அவர் அதே இடத்தில் குறிப்பிடுகிறார். டிப்ஸும் மரியாதைச் சொல்லும் சேர்ந்தே விலகின.

அங்கிருந்து கடல் கடந்தால் மயோர்க்கா தீவு. ஃபிராங்கோவின் ஆட்சியில் இருந்த அத்தீவின் அல்கூதியாவில், பெல்ஜிய நீர்ப்பந்து வீரர் ஜெரார் பிளிட்ஸ் 1950இல் கூடாரங்கள் அடித்து ஒரு விடுமுறை முகாமைத் தொடங்கினார். அதுவே கிளப் மெட். இன்றைய 'எல்லாம் அடங்கிய' விடுதிகளின் முன்னோடிகளில் முதன்மையானது அது. கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட்டது. முகாமுக்குள் பணப்பை தேவையில்லை. பிற்பாடு பானங்களுக்குக் கழுத்தில் அணியும் மணிகளே நாணயமாயின. டிப்ஸ் கிடையாது. விருந்தினர் 'அன்பான உறுப்பினர்', பணியாளர் 'அன்பான அமைப்பாளர்'; இருவரும் ஒரே மேசையில் உண்டனர், ஒருவரையொருவர் 'தூ' என்றே அழைத்தனர். பார்சிலோனாவுக்கும் கிளப் மெட்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஒன்று புரட்சி, மற்றது விடுமுறை. ஆயினும் இரண்டும் ஒரே இரு கருவிகளையே கையாண்டன.

ஆனால் விடுமுறைச் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கிளப் மெட்டில் 'அன்பான ஊழியர்' என்று மூன்றாவது பிரிவும் உண்டு: அறை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர், பெரும்பாலும் அந்தந்த ஊரார். விருந்தினரோடு ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் அமைப்பாளர்களே, இவர்கள் அல்லர். 1981இல் ஜமைக்காவில் தொடங்கிய சாண்டல்ஸ் போன்ற விடுதிகள் டிப்ஸ் கூடாது என்பதையே விளம்பரமாக்கின. அங்கும் தனிப் பணியாள் போன்ற சில சேவைகளுக்கு விலக்கு உண்டு. எதிர்த்திசைக்குக் கியூபா உதாரணம். சோவியத் வீழ்ச்சிக்குப் பின் 1993இல் அங்கு டாலர் வைத்திருப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆசிரியரும் மருத்துவரும் பெசோவில் ஊதியம் பெற, விடுதிப் பணியாளர் டாலரில் டிப்ஸ் பெற்றார். வகுப்பறையை விட்டுப் பலர் விடுதி வேலைக்குச் சென்றனர். இதைப் படிக்கும் நம்மில் பலர் ஆசிரியர்கள், அல்லது ஆசிரியராகக் காத்திருப்பவர்கள் என்பதால் இச்செய்தி சற்று உறுத்தவே செய்யும்.

இனி நண்பருக்கான விடை. விடுதியின் விதி டிப்ஸ் கூடாது என்றால் மறைவாகத் திணிக்க வேண்டாம். பெறுபவரின் வேலைக்கே அது ஆபத்தாகலாம். மெக்சிகோவில் பெரும்பாலான விடுதிகளில் அப்படியொரு தடை இல்லை. அங்கு கொடுப்பதே வழக்கம். உள்ளூர்ப் பணத்தில் சிறு தாள்களாகக் கொடுங்கள். அயல்நாட்டு நாணயங்களை அவர்களால் எளிதில் மாற்ற முடியாது. அறை துடைப்பவருக்குக் கடைசி நாளில் மொத்தமாக அன்றி நாள்தோறும் வையுங்கள், ஏனெனில் நாளை வருபவர் வேறொருவராக இருக்கலாம். 'கிராசியாஸ்' என்று எழுதிய சிறு தாளோடு வையுங்கள். இல்லையேல் மறந்துவிட்டுப்போன பணம் என்று கருதித் தொடாமல் விடக்கூடும். 'உஸ்தெத்' என்றே பேசுங்கள். பார்சிலோனாவில் எல்லாரும் 'தூ' ஆனார்கள். காசு கொடுக்கும் ஒருவர் மட்டும் 'தூ' என்று பேசினால் அது தோழமை ஆகாது.

நான் படிக்கும் தில்லியில், தேநீர்க் கடைகளில் வேலைசெய்யும் இளைஞர் எவராயினும் அவருக்கு 'சோட்டு' என்றே பெயர். சின்னவன் என்று பொருள். புல்மன் வண்டியின் 'ஜார்ஜ்' பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாள்களிலும் நான் "சோட்டு, ஒரு டீ" என்றுதான் சொல்லிவந்தேன், மீதிச் சில்லறையையும் தாராளமாக விட்டுவந்தேன். இரண்டாண்டுகளுக்குப் பிறகே பெயரைக் கேட்டேன். சொல்வதற்கு முன் அவர் சற்றுத் தயங்கினார். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

உங்கள் ஊரிலும் இத்தகைய பொதுப்பெயர்கள் வழங்கினால் பின்னூட்டத்தில் குறிப்பிடுங்கள்; தொகுக்க எண்ணியிருக்கிறேன்.