விண்வெளி உடையின் வரலாறு
புனே நகருக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்ற ராகேஷ் சர்மா, 1984 ஏப்ரல் 3 ஆம் நாள் சோயுஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குச் சென்றார். அப்பெருமையை நம் பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லி மகிழ்கிறோம். அவர் அணிந்த உடையின் வரலாற்றையும் சொல்லுதல் வேண்டும்.

1971 ஜூன் 30 இல் சோயுஸ்-11 பூமிக்குத் திரும்புகையில், வால்வு ஒன்று உரிய நேரத்திற்கு முன்பே திறந்துகொண்டது. கலத்திலிருந்த காற்று வெளியேறிற்று. அழுத்த உடையின்றி அமர்ந்திருந்த தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் ஆகிய மூவரும் உயிர் நீத்தனர். அதன் பின்னரே, சோயுஸ் கலம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வுடை கட்டாயமாயிற்று.

அபாயத்தை மட்டும் கேட்ட பிள்ளை அஞ்சும். அதன் காரணத்தையும், மனிதர் கண்ட மாற்றையும் சேர்த்துக் கேட்ட பிள்ளை சிந்திக்கும். நாம் கற்பிக்கவேண்டிய முறை அதுவே.