கிற்றாருக்குள்ளே ஒரு கற்பூரக் கதை

போன மாதம் நண்பன் ஒருத்தன் தன்ர மாமாவின் பழைய கிற்றாரைக் கொண்டு வந்தான். முகப்பலகையில் ஆரோ எப்பவோ ஒட்டின ஸ்ரிக்கர் ஒண்டு. அதை உரிக்க வெளிக்கிட்டதில் கீழே இருந்த பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்திட்டுது. "ஒட்டினதெண்டால் கழட்டலாம்தானே" எண்டது அவன்ர நியாயம். கிற்றாரின் வரலாறு அதை ஒத்துக்கொள்ளாது.

ஒலித்துளைக்குப் பக்கத்தில் கறுப்பாகவோ ஆமையோட்டு நிறத்திலோ ஒரு தகடு இருக்குமே, பிக்கார்ட், அதிலிருந்து தொடங்கலாம். உலோகத் தந்திகளைப் பிக்கால் அடித்து வாசிக்கிற பழக்கம் பரவியபோது மரம் கீறுப்படாமல் இருக்க வந்தது அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் கிற்றார்களில் இதை ஒட்டத் தொடங்கியது. எப்படி? பூச்சுப் பூசாத வெறும் மரத்தில் நேரடியாக ஒட்டி, அதற்கு மேலால் பூச்சு. பார்க்க வடிவுதான்.

தகடு செலுலோயிட். நைத்திரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள். ஓம், சாமிக்குக் கொளுத்துகிற அதே கற்பூரம்தான். திறந்து வைத்த கற்பூரம் நாள்போகக் கரைகிற மாதிரி, தகட்டுக்குள் இருக்கிறதும் பல வருடங்களாக மெல்ல மெல்ல ஆவியாகும். தகடு சுருங்கும். பசை விடாது. அப்ப மெல்லிய ஸ்புரூஸ் பலகைதான் இழுபடும். கடைசியில் தகட்டின் ஓரமாக, மரத்தின் நார் ஓடுகிற திசையில் வெடிப்பு விழும். 1960களின் பிற்பகுதியில் வந்த கறுப்புத் தகடுகளும் இதே வேலையைத்தான் செய்தன. மரத்தைக் காக்க வந்த தகடே மரத்தைப் பிளந்தது! 1980களில்தான் மார்ட்டின் முறையை மாற்றியது: முதலில் பூச்சு, அதற்கு மேல் தகடு.

அதோட மரம் தப்பியது. ஆனால் பூச்சு?

1920களில் கார்களுக்கெண்டு வந்த நைத்திரோசெல்லுலோஸ் பூச்சைக் கிற்றார்க்காரரும் பிடித்துக்கொண்டார்கள். பழைய வார்னிஷ் மாதிரி நாள்க்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, கெதியாகக் காயும். ஆனால் அது காய்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே. தகுந்த இரசாயனம் பட்டால் திரும்ப இளகிவிடும். வினைல் பட்டி, சில றப்பர்த் தாங்கிகள், இவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெதுவாகக் கசிந்து பூச்சுக்குள் இறங்கும். ஒட்டுப்பொருள்களிலும் இந்த வில்லங்கம் இருக்கு. மிச்சப் பசையை நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனால் துடைத்தால் சரி, பூச்சே கரைந்து வரும். பிறகு வந்த பொலியூரிதேன் பூச்சு இதையெல்லாம் பெரும்பாலும் தாங்கும். எங்கட கையில் இருக்கிறது எந்தப் பூச்சு எண்டு தெரியாமல் எதையும் ஒட்டுறதுதான் பிழை.

அதுக்காகத் தகடே வேண்டாம் எண்டும் சொல்லேலாது. வில்லி நெல்சன் 1969 இல் வாங்கிய மார்ட்டின் என்-20, விரலால் வாசிக்கிற நைலோன் தந்திக் கிற்றார், பிக்கார்ட் இல்லாதது. அவர் அதைப் பிக்கால் வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்திட்டுது.

நண்பன் இப்ப பெயர்ந்த இடத்தை மறைக்க, அதைவிடப் பெரிய ஸ்ரிக்கர் ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறான்.